விலெம் திரும்பப் பெற்ற திருத்தம்

செக் நாட்டின் பிர்னோ நகரத்து விலெமுக்கு எதிலும் முதல் சந்தேகம் தன்மேல்தான். "டிராம் லேட்டா வந்தாக்கூட, நான்தான் காரணம்னு எழுதிக் குடுத்துட்டு வருவீங்க" என்பாள் மனைவி போஷெனா. அவர் லினக்ஸ் இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியான கெர்னலில், கோப்புகளைக் காக்கும் பகுதிக்கு நிரல் எழுதுகிறவர். அந்த வேலைக்கு இப்படியொரு குணம் நல்லதுதான். அவர் எழுதியதை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

மின்சாரம் திடீரென்று போனாலும் பாதி எழுதிய கோப்பு சிதையாமல் காக்கும் ஒரு திருத்தம். மூன்று வருடமாக அதுவே அவருக்குச் சோறும் தூக்கமும். கெர்னலின் அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்க ஞாயிற்றுக்கிழமை வரைதான் வாசல் திறந்திருக்கும். கம்பெனியோ அவருடைய பிரிவை மூடுகிறது. மாதம் முடிந்தால் மெஷின்களும் போய்விடும், அவரும் வேறு வேலைக்குப் போயாக வேண்டும். இந்த முறை சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

புதன்கிழமை, புதிதாக வந்த சோதனைத் தொகுப்பை ஓடவிட்டுவிட்டு உருளைக்கிழங்கு சூப் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் சோதனை மெஷின் செத்துக் கிடந்தது. மறுபடி ஓட்டினார், அதே இடத்தில் மறுபடி விழுந்தது.

தன் திருத்தத்தை நீக்கிவிட்டு, பழைய கெர்னலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். கற்றுக்குட்டிகூட அதைத்தான் செய்திருப்பான். ஆனால் கெர்னல் எழுதுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கெர்னலில் உள்ள பிழையைக் கிளறும் சோதனையை, அந்தப் பிழை சரியாகும்வரை எல்லோருக்கும் ஓடும்படி விடமாட்டார்கள். ஆபத்துப் பிரிவில் தனியாக வைப்பார்கள், வேண்டுமென்று கேட்டவருக்கு மட்டும் ஓடும். இதுவோ எல்லோருக்கும் ஓடுகிற சோதனை. அப்படியானால் பிழை கெர்னலில் இல்லை, குற்றம் தன்னுடையதுதான் என்று முடிவு கட்டி, தன் வரிகளையே துருவித் துருவிப் பார்த்தார். சனிக்கிழமை, எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் எழுதினார்: "தவறு என்னுடையது. திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

சோதனைத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ராட்கா திங்கட்கிழமை போன் செய்தாள்.

"சார், எல்லார் மெஷினும் விழுந்திருக்கு. அது பழைய கெர்னல்லயே இருந்த பிழை. அதை சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சு சோதனையை வெளிய விட்டுட்டேன். ஆபத்துப் பிரிவுலயாவது போட்டிருக்கணும். உங்க திருத்தத்துல ஒரு குறையும் இல்ல, நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

விலெம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வாசல் மூடியாச்சேம்மா."

"அடுத்த தடவை நான் அனுப்பட்டுமா சார்?"

"அனுப்பலாம். நூறு கேள்வி கேப்பாங்க, யாரு பதில் சொல்றது? எனக்கு மெஷினும் கெடையாது, நேரமும் கெடையாது."

"எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே சார்."

"கேக்கணும்னா உன்மேல சந்தேகம் வந்திருக்கணும்."

ராட்கா அழுதாள். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மூன்று வருடம் பெற்ற பிள்ளைபோல வளர்த்ததை, விசாரிக்காமலே குற்றவாளி ஆக்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் போஷெனா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு யார் தப்பாம்?"

"என்னோடதுதான்" என்றார் விலெம்.

வழக்கமான பதில்தானே என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக அது உண்மையாக இருந்தது.