ஜெயா வீட்டுக்கு வந்த இரண்டாவது கரண்ட்

ஜெயா போய்விட்டாள். லிந்துலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டில், கரண்ட் அடித்து... நேற்று மத்தியானம் போன் வந்தது.

கொழும்பில் நாங்கள் ஒரே ஆபீசில் இருந்தோம். பிறகு அவள் ஒரு வெளிநாட்டு கம்பெனியில் சேர்ந்தாள். விண்வெளி நிலையத்துக்கு மின்சார அமைப்பை டிசைன் செய்யும் டீம். நம் மலையகத்துப் பிள்ளை என்று அவளைவிட எனக்குத்தான் பெருமை.

அவளுக்குப் பயம்தான். "அங்க கரண்டு போனா மூச்சுக் காத்தும் போயிரும்டா. பியூஸ் போட ஆள் வருமா?" என்பாள்.

சாப்பிடும்போதும் இதே பேச்சு. இது போனால் என்ன செய்வது, அதுவும் போனால் என்ன செய்வது... "நல்லதா ஒரு வார்த்தை வாயில வராதா ஒனக்கு?" என்று திட்டியிருக்கிறேன்.

ஊரிலும் விடமாட்டாள். "ஒரு வழிய மட்டும் நம்பக் கூடாது, ரெண்டு வழி வேணும்" என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு சந்தனம் மாமா அதைக் கேட்டுக்கொண்டார். எங்கள் லயங்களில் ஒரு வீடு இருட்டானால் அடுத்த வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுப்பது வழக்கம். ஜெயாவின் அம்மா வீட்டில் மழை பெய்தாலே கரண்ட் போய்விடும். அதனால் போன மாதம் அடுப்படி பல்புக்கும் பிளக்குக்கும் மட்டும் தன் வீட்டிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டார்.

ஜெயாவுக்கு யாரும் சொல்லவில்லை. வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்திருக்கிறார்கள்.

அடுப்படி பிளக் சூடாகிறது என்று நேற்றுக் காலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றியிருக்கிறாள். மாமா வீட்டுக் கரண்ட் அதில் அப்படியே இருந்திருக்கிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாளா, தெரியவில்லை. டெஸ்டர் வைக்காமல் வயரைத் தொட்டதற்காக எங்களை எவ்வளவு ஏசியிருக்கிறாள்...

இன்று நான் இங்கே வந்து சேர்ந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் புள்ள சொன்னதத்தானங்க செஞ்சேன்? ரெண்டு வழி வேணும்னுச்சே... தப்புங்களா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது மழை பிடித்துவிட்டது. வீட்டில் கரண்ட் இல்லை. அடுப்படியில் மட்டும் பல்ப் எரிகிறது.

எழவு வீட்டில் இருட்டு ஆகாதாம். அந்த அடுப்படியிலிருந்தே வாசலுக்கு இன்னொரு வயர் இழுக்கிறார்கள், ஈரக் கையோடு...

நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

போய் வா, ஜெயா.