திரும்பாத சாவியும் இரண்டு ஓரகத்திகளும்

ஒரே காரை இரண்டு பெண்கள் ஓட்டினார்கள். காலையில் பெரியவள், சாயங்காலம் சின்னவள். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி படியில் இறங்கினால் இன்னொருத்தி கதவைச் சாத்துவாள். சாத்தும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு யாருக்கு எவ்வளவு கோபம் என்று தெருவே சொல்லிவிடும்.

பெரியவளுக்குத் தையல் ஆலைப் பெண்கள் வைத்த பெயர் 'ஹாரன்'. அவள் அப்பா லாரி ஓட்டியவர். அவரிடமிருந்து வந்த சொத்து இரண்டுதான்: ஸ்டியரிங் பிடிக்கும் கை, ஊரைக் கூட்டும் தொண்டை. புருஷனுக்கு பைண்டிங் கடையில் வேலை. நல்ல மனுஷன்தான். ஆனால் கொட்டாவி விடுவதற்குத் தவிர வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அந்தக் காரை வாங்கினார்கள். அண்ணன் ஓட்டிப் பார்த்து முதல் நாளே ஒரு கேட்டைப் பெயர்த்தார். தம்பி கப்பல் வேலை கிடைத்ததும் கடலைப் பார்த்துப் போய்விட்டான். கடைசியில் வண்டி பெண்கள் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்வது தப்பு. பெரியவள் அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வெயிலோ மழையோ, விடிந்ததும் தையல் ஆலைப் பெண்களை முனைக்கு முனை ஏற்றிக்கொண்டு, ஆலைக் கேட் சாத்துவதற்குள் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது சின்னவள் வேலை. இரண்டு டிரிப்புக்கும் சேர்த்து ஆலையில் ஒரே ஒப்பந்தம். இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது.

சண்டை எதில் தொடங்கியது தெரியுமா? ஒருநாள் சின்னவள் அந்தப் பெண்களிடம், "சாயங்காலம் என் வண்டியிலதான் உங்க காதுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று சொல்லிவிட்டாள். வண்டியே குலுங்கும்படி சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதே சிரிப்பு பெரியவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. யாரோ விஷயத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளையை விடுங்கள். அது முடிந்தபோது பெரியவள் புருஷனைப் பார்த்து, "இனிமே அவ பேச்சை இந்த வீட்டுக்குள்ள எடுத்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். அவரும் எடுக்கவில்லை. அவருக்குத்தான் பேசாமலிருப்பது கை வந்த கலையாயிற்றே.

அதற்குப் பிறகு வண்டிதான் அவர்கள் சண்டைக்களம். சின்னவள் நெட்டை. அவள் ஓட்டிவிட்டு இறங்கினால் சீட் பின்னால் போய்க் கிடக்கும், கண்ணாடி கூரையைப் பார்க்கும். குட்டையான பெரியவளுக்குக் கால் எட்டாது. "வேணும்னே பண்றா கழுதை" என்று கறுவிக்கொண்டு, தான் இறங்கும்போது சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டித் தள்ளி வைப்பாள். சாயங்காலம் சின்னவள் முழங்காலை இடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்துவது சமையல்கட்டு ஜன்னலில் கேட்கும். பெரியவளுக்கு அன்றைய நாள் நன்றாகப் போனதாக அர்த்தம்.

இந்த வாரம் நிலைமை வேறு. டயர் பஞ்சர் என்று ஒரு தடவை, சாலையில் நெரிசல் என்று ஒரு தடவை, ஆலைக் கேட் மூடிய பிறகு வண்டி போய்ச் சேர்ந்திருந்தது. கேட் மூடினால் அந்தப் பெண்களுக்கு அரை நாள் கூலி போயிற்று. ஆலை சூப்பர்வைசர் பெரியவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பார்த்துக்குவேன். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதீங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான்.

இன்று காலை பெரியவள் சீக்கிரமே வெளியே வந்தாள். தெரு மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் தெரு. வண்டி சரிவைப் பார்த்து நின்றது. முன்சக்கரம் இரண்டையும் ஒரேயடியாக ஒடித்துத் திருப்பியிருந்ததில், ஓரத்துச் சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாவியை நுழைத்தாள். சாவி திரும்பவில்லை.

இது புதுசில்லை. சக்கரம் கல்லில் முட்டிக்கொண்டிருந்தால் ஸ்டியரிங் பூட்டு இறுகிக்கொள்ளும். ஸ்டியரிங்கைக் கல் பக்கமாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் விட்டுவிடும். அழுத்தினாள். ஊஹூம். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினாள், உள்ளே அழுத்தித் திருப்பினாள், உருவித் துடைத்துப் போட்டாள். கொஞ்சினாள், திட்டினாள். கல்லில் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. விரலில் சாவியின் அச்சு சிவப்பாகப் பதிந்ததுதான் மிச்சம்.

"பாருங்க, பாருங்க!" என்று வாசலில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள். "என் வயித்துல அடிக்கணும்னே எப்படி ஒடிச்சு வெச்சிருக்கா பாருங்க! இன்னிக்கு லேட்டானா போச்சுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கா."

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "அது வந்து... நேத்து ராத்திரி அவ என்கிட்ட..."

"அவ பேச்சை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இல்ல, பிரேக்கு..."

"வாயை மூடிக்கிட்டு முன்னாடி போய்த் தள்ளுங்க! வண்டி ஒரு விரல் பின்னால போனா சக்கரம் கல்லை விட்டுடும். இந்த வண்டி எனக்குத் தெரியாதா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். பெரியவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஹேண்ட்பிரேக் லிவரைக் கீழே இறக்கினாள். அது தொளதொளவென்று விழுந்தது. கைக்கு அது வித்தியாசமாகத்தான் பட்டது. ஆனால் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்ததில் கை சொன்னதை யார் கேட்டார்கள்? அவர் பானெட்டில் கை வைத்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார். வண்டி முனகிக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கியது. அந்த நொடியில் ஸ்டியரிங் தளர்ந்தது, சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நகருங்க!" என்று அவரை ஓரம் கட்டிவிட்டு, கால் பிரேக்கை மிதித்தபடியே சக்கரத்தை நேராக்கினாள். நேரம் இருந்தது. அப்படியே கிளம்பியிருந்தால் கேட்டைப் பிடித்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மாடியில் ஜன்னல் திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சின்னவள் எட்டிப் பார்த்தாள். பெரியவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆங்காரம். வருஷக்கணக்கில் கதவைச் சாத்தியே கழித்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. காருக்குள் உட்கார்ந்துகொண்டு திட்டினால் திட்டின மாதிரி இருக்காது அவளுக்கு. ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஓட இறங்கினாள்.

"ஏண்டி, நீ நல்லா இருப்பியா? என் பொழைப்பைக் கெடுக்கிறதுக்குன்னே ஒடிச்சு வெச்சியா?"

சின்னவள் கையை ஆட்டி ஏதோ கத்தினாள். "...பிரேக்கு..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

"நீ எனக்கு பிரேக்கு போடச் சொல்லித் தர்றியா? நேத்து வந்தவ!" பெரியவளின் குரல் எழும்பிய வேகத்தில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. சின்னவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள். இவள் அதற்கு மேலே போனாள். இந்தத் தெருவில் இவள் குரலை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

"அக்கா! வண்டி! வண்டி!" என்று சின்னவள் அலறினாள்.

திரும்பிப் பார்த்தபோது வண்டி கிளம்பி வெகுதூரம் ஆகிவிடவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டு நடக்கிற மாதிரி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடினாள். கதவைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கைக்கு எட்டவில்லை. சரிவு கூடும் இடத்தில் வண்டிக்கும் வேகம் கூடியது. கீழே தெரு வளையும் இடத்தில் ஒரு மதில். நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை. மோதிய சத்தம் கேட்டதும் பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள். பானெட் மடங்கி மேலே தூக்கிக்கொண்டது. அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்தது.

சின்னவள் துண்டு அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி வந்தாள். இருவரும் வண்டியின் பக்கத்தில் நின்றார்கள்.

"ஹேண்ட்பிரேக் வயர் நேத்து சாயங்காலம் அறுந்து போச்சு" என்றாள் சின்னவள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதனாலதான் கல்லுல சக்கரத்தை முட்டுக் கொடுத்து, கியர்ல போட்டு நிறுத்தினேன். இல்லாட்டி ராத்திரியே உருண்டிருக்கும்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? உன்கிட்டயா? நான் வந்து நின்னா கதவைத் திறந்திருப்பியா? மாமாகிட்டச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு காலில் செருப்போடு மூச்சிரைக்க வந்து நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ராத்திரியும் வாயெடுத்தேன். இப்பவும் வாயெடுத்தேன். நீ எங்க விட்ட?"

பெரியவளுக்குக் காதுமடல் சுட்டது. அவமானமாக இருந்தது. செத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"எங்க இருக்கீங்க? முனையில நின்னுக்கிட்டுப் பொண்ணுங்க எனக்குப் போன் மேல போன் போடுதுங்க."

"வண்டி மதில்ல மோதிடுச்சு, சார்."

"மோதிடுச்சா? எப்படி மோதும்? யார் ஓட்டினது?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். தெருச் சனம் மொத்தமும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு ஒருநாளாக இருந்தால், 'அவதான் சார், அவதான் எல்லாத்துக்கும் காரணம்' என்று கூசாமல் சொல்லியிருப்பாள். இன்றைக்கு நாக்கு வரவில்லை.

"யாரும் ஓட்டல சார். எஞ்சினை ஓடவிட்டுட்டு நான்தான் இறங்கினேன். சண்டை போட இறங்கினேன். தப்பு என் மேலதான். சின்னவ மேல ஒரு தப்பும் இல்ல."

"ஓடுற வண்டியை விட்டுட்டு சண்டை போட இறங்குற ஆளை நம்பி நான் பொம்பளைப் பிள்ளைங்களை ஏத்தி அனுப்பியிருக்கேன்" என்றான் அவன். "இனிமே வராதீங்க. காலையிலயும் வேணாம், சாயங்காலமும் வேணாம்." போனை வைத்துவிட்டான்.

பெரியவள் போனை முந்தானையில் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி, லேசாக நிமிர்ந்துகூட நின்றாள். சின்னவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

சொன்னாள்.

"உனக்கு மூளை இருக்கா? பிரேக்கு வயர் அறுந்து போச்சு சார்னு சொல்லியிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். அது பொய்கூட இல்லையே! வண்டி ரிப்பேருன்னு நாலு நாள் டைம் கொடுத்திருப்பான். ஆயுசுக்கும் என் மேல பழி போட்டியே, இன்னிக்கு ஒருநாள், இந்த ஒருநாள்தானா உனக்கு நல்லவளாகத் தோணிச்சு? உன் மனசு ஆறணும்னு என் சோத்துலயும் சேர்த்து மண்ணைப் போட்டுட்டியே, பாவி!"

அவள் வண்டிக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினாள். சாவியை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் தலையோடு மேட்டில் ஏறிப் போனாள்.

சின்னவள் சொன்னது சரி. அதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.