அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம்

நாக்பூர் ரயிலடியில் டீக்காரர் பம்ப் அடுப்பைப் பற்றவைத்தார். சீமெண்ணெய் வாடை வந்ததும் எனக்கு அத்தாவின் லாரி ஞாபகம் வந்தது.

ஒரு தீபாவளி சீசனில் அத்தா சிவகாசிப் பட்டாசு லோடோடு அம்மாவையும் என்னையும் இரண்டு வயதுத் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். இரண்டாம் நாள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து மூத்திரமே போகவில்லை. காய்ச்சி வைத்திருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. பட்டாசுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்ட முடியாது.

“அடுத்த ஊருல பாத்துக்கிடலாம்,” என்றார் அத்தா.

“அம்புட்டு நேரம் பிள்ள தாங்காது. ஓரங்கட்டுங்க,” என்றாள் அம்மா.

தம்பியை அத்தாவிடம் விட்டுவிட்டு, அம்மா லாரியிலிருந்த பம்ப் அடுப்பையும் நான் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு வெயிலில் தரிசுக்குள் நடந்தோம். லாரி தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்த பிறகும் அத்தா துண்டை வீசி, “இன்னும் தள்ளிப் போங்க,” என்று கத்தினார்.

“இதுக்கு மேல போனா சிவகாசிக்கே போயிருவேன்,” என்று அம்மா அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்தாள்.

கொதித்த தண்ணீரை லாரிக்குக் கொண்டுவந்து ஆற்றி, உப்பும் சீனியும் கலந்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். வண்டி நகரவே இல்லை. சாயங்காலம் தம்பி அத்தாவின் மடியில் மூத்திரம் போனான். அம்மா துடைக்கத் துணி எடுத்தாள்.

“இருக்கட்டும் விடு,” என்றார் அத்தா. நனைந்த கைலியோடுதான் வண்டியை எடுத்தார்.