பால் கொட்டகைக் காட்சி

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் வழியில், மலைச்சாலை தொடங்குவதற்கு முன்னால் இருந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கா மரம் வெட்டிப் பால் எடுத்தாள். நான் ஐந்தாம் படிவம் முடித்து, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாக இருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கு இருபத்து மூன்று.

ஒரு நாள் பால் நிறுக்கும் கொட்டகையில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அக்காவின் இடுப்பில் கை வைத்தான். அவள் வாளிப் பாலை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். நேராக மானேஜரிடம் போய்ப் புகாரும் சொன்னாள். பார்த்ததாகச் சொல்ல யாரும் முன்வராததால் அவளுக்குத்தான் வேலை போனது. அப்பா மானம் போய்விட்டது என்று தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து, எங்களைச் சிரம்பான் பக்கம் ரஹாங்குக்கு அழைத்து வந்தார். சாகும்வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். அடுத்தவர்களின் தாலி கட்டும் காட்சிக்குப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், என் பெயர் திரையில் வர ஒரே ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று நினைப்பேன். அக்காவின் கதையைத் திரைக்கதையாக எழுத நான்கு வருடம் ஆனது. கோலாலம்பூரில் ஒரு தயாரிப்பாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்த அக்கா கேரக்டர் போதும் சிஸ்டர், படம் நிக்கும். அடுத்த வருஷம் ஷூட்டிங் போயிடலாம்லா."

அன்றே பாரோயில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காகிதக்கட்டோடு ஓடினேன். அவள் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து வந்திருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நான் இரண்டு தடவை தேநீர் கலக்கினேன்.

"நல்லாதான் எழுதியிருக்க. நீ எங்க?"

"நான் எதுக்குக்கா?"

"கொட்டாயில நீயுந்தான நின்ன. ஆபீஸ் பைல் ஒன்ன நெஞ்சோட புடிச்சிக்கிட்டு. நான் உன்னதான பார்த்தேன்."

நான் நின்றது உண்மை. மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதும் உண்மை. வேலையை நிரந்தரமாக்குவதாக அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். "நான் ஒன்னும் பார்க்கல சார்" என்றேன். ரஹாங்குக்கு வந்த பிறகும் இரண்டு வருடம் அதே ஆபீசுக்கு பஸ் ஏறிப் போனேன். அக்கா ஒரு நாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டேன்.

"ஏன்க்கா இத்தன வருஷமா கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நான்தான் சமாதானம் சொல்லணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லலா."

தங்கையை வைத்து அந்தக் காட்சியைத் திரும்ப எழுதினேன். பைலைப் பிடித்திருக்கும் பெண், மானேஜரின் கேள்வி, அவள் சொல்லும் பொய். மூன்று பக்கம்தான். மற்ற நூற்றுப் பத்துப் பக்கங்களைவிடக் கஷ்டப்படுத்தியது. தயாரிப்பாளருக்கு அனுப்பினேன்.

"தங்கச்சி சீன் வேணாம் சிஸ்டர். ஜனங்களுக்குப் புடிக்காது. அத எடுத்துடுங்க, மத்ததெல்லாம் ஓகே."

நான்கு நாள் பதில் சொல்லவில்லை. எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை அந்தப் பக்கங்களை அழித்தேன். இரண்டு முறையும் மீட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் முடியாது என்று சொன்னேன். "யோசிச்சிச் சொல்றேன்" என்றவர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. எட்டு மாதம் ஆகிறது. வேறு இரண்டு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"எனக்காகவா வேணாம்னு சொன்ன?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. "தெரியலக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, காயப் போட்ட துணிகளை எடுக்க வெளியே போனாள். நானும் பின்னாலேயே போய்க் கொடியின் மறுமுனையிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன்.