செருப்பைக் கழற்றும் நேரம்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் எங்கள் பயண அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது முதலாளி வசந்தா மேடத்தின் தம்பி ஃபோன் செய்தார். "அக்கா விடிகாலைல போயிட்டாங்கம்மா. சான்ஃபிரான்சிஸ்கோல இருந்து பொண்ணு வரணும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் வெச்சிருப்போம். அதுக்கு மேல முடியாது. அவ கூப்பிடுவா, எப்ப வருவான்னு பாத்துச் சொல்லு."

மேடத்திடம் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அவர் நாக்கு தெரியும். "பதினாலாயிரம் கிலோமீட்டர் மேடம், பதினாறே மணி நேரத்துல போயிடுறான் என் பையன்" என்றார் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர் ஒருவர்.

"போறது இருக்கட்டும், வந்து எத்தனை வருஷமாச்சு?" என்றார் மேடம். "விமானம் உங்க வாசல்லயா இறங்கும்? ஏறி இறங்குற நேரத்தை யாரு வேணா சொல்லுவான். வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுற நேரத்தைக் கேளுங்க."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. "டிகிரி, வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்பார் மேடம், வாடிக்கையாளர் எதிரிலேயே.

சேர்ந்த புதிதில் அக்ரஹாரத்திலிருந்து ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். அவர் மனைவி இறந்திருந்தார். அமெரிக்காவில் மகன் விமானம் ஏறிய நேரத்தைச் சொல்லி, எப்போது வந்து சேருவான் என்று கேட்டார். போகும் கணக்கில் பதினாறு மணி நேரம் என்று கூட்டிச் சொன்னேன். எதிர்க்காற்றால் வரும்போது ஒன்றரை மணி நேரம் கூடும் என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்ன நேரம்வரை காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்கள். மகன் வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது.

மறுநாள் மேடம் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மகன் முன்னால் நிறுத்தினார். "தப்பா சொன்னது இவதான். நல்லாப் பாத்துக்குங்க." அவர் என்னைப் பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் அழுதேன். "அழு. அந்த மூஞ்சிய மட்டும் மறந்துடாதே" என்றார் மேடம்.

இத்தனை பேரை அனுப்பியவர் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. மகள் கூப்பிடும்போதெல்லாம், "உன்னப் பாக்கவா அவ்வளவு நேரம் உக்காரணும்?" என்பார்.

அந்த மகள் அன்று காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். நேராக வரும் விமானம் அன்று இல்லை. ஓரிடத்தில் மாறி வருவதில் ஒரு இடம் இருந்தது. பெங்களூரில் மறுநாள் பகல் பதினொன்றுக்கு இறங்கும்.

"பதினொண்ணுன்னே மாமாகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். இறங்கிட்டேன்னு தெரிஞ்சா வெயிட் பண்ணுவாங்க. ப்ளீஸ்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். இறங்கியவளை விட்டுவிட்டு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அக்ரஹாரத்து மகனின் முகம் தெரிந்தது.

"வெளிய வந்து, மைசூர் வந்து, வீட்டு வாசலுக்கு நாலரை ஆகும்" என்றேன்.

"நீங்களும் அம்மா மாதிரியே பேசுறீங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். அவள் மாமாவிடமும் நாலரை என்றே சொன்னேன். அவள் டிக்கெட் எடுக்கவில்லை, வரவும் இல்லை. காத்திருக்க யாருமில்லாததால் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

மேடம் கைப்பட எழுதி மேஜையில் ஒட்டிய சீட்டு இப்போது என் பக்கம் இருக்கிறது: போக பதினாறு, வர பதினேழரை, வாசலுக்கு மேலும் ஐந்தரை. அதையும் அவர் மகள் சொன்ன அந்த வாக்கியத்தையும்தான் வைத்திருக்கிறேன். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அன்றைய கணக்கை அடிக்கடி கூட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நாலரைதான் வருகிறது.