பட்டப்பகலில் ராத்திரி

அக்கா அழைத்தபோது நான் பெர்மாஸ் ஜெயா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "லேப்டாப்புல லைன் வரமாட்டேங்குதுடி. இன்னிக்கு கிளாஸ் போச்சு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒரு லேப்டாப்புக்காகக் கலங்குகிறவள் இல்லை அவள்.

அது ஒரு காலத்தில் என்னுடையதுதான். புதியது வாங்கியதும் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. சுவரில் செருகி வைத்தால்தான் ஓடும். மூடியின் ஒரு கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். இருந்தாலும் அந்த வீட்டில் அதைப் போலப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட பொருள் வேறில்லை.

காரணம் அத்தான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து லாரி ஓட்டியவர். போன வருடம் ஸ்ட்ரோக் வந்தது. கால் மெல்லத் திரும்பி வந்தது, வலது கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை. "ஆமா", "இல்ல" இரண்டும் ஒழுங்காக வரும். மற்ற சொற்கள் இடம் மாறி வரும். தண்ணீர் வேண்டுமென்றால் "சட்டை" என்பார். சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தவறாகச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். சரியான சொல்தான் நாக்குக்கு வராது.

தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருந்தோம். அவர் இருப்பது பினாங்கில். அதனால் வாரம் ஒரு முறை காலையில் லேப்டாப் வழியாக வகுப்பு. ஹேண்ட்போனில் பார்த்தால் போதாது. டீச்சர் உதட்டைக் குவிப்பதும் நாக்கை மடிப்பதும் பெரிதாகத் தெரிய வேண்டும். அத்தான் திரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீச்சர் செய்வதைப் போலவே வாயைக் குவிப்பார்.

மீன் பையைக் காரில் வைத்துவிட்டு அக்காவுக்குப் போனிலேயே வழி சொல்லப் பார்த்தேன்.

"அக்கா, கீழ வலது பக்கம் வைஃபை படம் தெரியுதா?"

"விசிறி மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதேதான். அத அமுக்கு. என்ன காட்டுது?"

"நம்ம வீட்டு லைன் பேருதான். கனெக்டட்னு போட்டிருக்கு. ஆனா எதத் தொறந்தாலும் செவப்பா ஏதோ எச்சரிக்க வருது. அலமாக்! ஐயோ, நான் எதையும் தொடலடி."

அணைத்துப் போடச் சொன்னேன். சுவரில் இருக்கும் இணையப் பெட்டியையும் அணைத்துப் போடச் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லேப்டாப்பு கெடக்கட்டும். உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. பட்டப்பகல்ல ராத்திரி ராத்திரிங்கிறாரு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரஷர் பாத்தாங்க, கையத் தூக்கச் சொன்னாங்க, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து உக்காந்ததும் திரும்ப ராத்திரிங்கிறாரு. புத்தி கலங்கிடுச்சோன்னு பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் போனபோது அத்தான் குளித்து, தலை சீவி, சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கிச் சிரித்தார். புத்தி கலங்கியவர் சிரிப்பாக அது எனக்குத் தெரியவில்லை. அக்காதான் இளைத்துப்போயிருந்தாள்.

லேப்டாப்பைச் செருகி உயிர் கொடுத்தேன். என் ஹேண்ட்போனில் அதே வீட்டு இணையம் நன்றாகவே வந்தது. ஆகவே பெட்டியில் குற்றமில்லை. லேப்டாப்பிலும் இணைப்பு இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இது பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பில் வந்து நின்றது. இணைப்பை அழித்துவிட்டு, கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுத்தேன். வேறு செயலியில் திறந்து பார்த்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

அத்தான் மேசையைத் தட்டினார். "ராத்திரி" என்றார்.

அக்கா ஓடிப்போய் ஜன்னல் திரையை விலக்கினாள். "என்னாங்க, நல்லாப் பாருங்க. வெயில் எப்படி அடிக்குது. பகல்ங்க, இது பகல்." சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இல்ல. இல்ல. ராத்திரி." அவர் குரல் உயர்ந்தது. கண் கலங்கிவிட்டது. அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் பக்கமே நின்றுவிட்டாள்.

விசைப்பலகையின் மேல் வைத்த கையை எடுக்காமல் அத்தானைப் பார்த்தேன். அத்தான் எழுந்து வந்தார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். என் விரலைத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய் அங்கே அழுத்தி வைத்தார்.

"ராத்திரி."

அங்கே கடிகாரம் இருந்தது. நள்ளிரவு தாண்டிப் பதினேழு நிமிடம் என்று காட்டியது. அதன் கீழே தேதி, எத்தனையோ வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

"அக்கா, இங்க வா" என்றேன். "அத்தான் சரியாத்தான் சொல்லியிருக்காரு."

வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியும்படி சொன்னேன். இப்போதெல்லாம் இணையப் பக்கங்கள் தேதியைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். தேதி தப்பாக இருந்தால் கதவைச் சாத்திவிடும். லேப்டாப்புக்குள்ளே நேரத்தை நினைவில் வைத்திருக்க ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதுவும் செத்துப்போயிருக்க வேண்டும்.

"இடி இடிச்சப்ப பயந்துகிட்டு சுச்ச புடுங்குனேன்டி" என்றாள். "அன்னையிலேருந்துதான் வரல. அப்புறம் தெனமும் புடுங்கித்தான் வைக்கிறேன்."

பிடுங்கிய ஒவ்வொரு முறையும் அது பழைய நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. ராத்திரி லாரி ஓட்டிய காலத்தில் ஓயாமல் மணி பார்த்துப் பழகிய கண் அத்தானுக்கு. முதல் நாளே பார்த்துவிட்டார். சொல்லவும் செய்தார்.

அக்கா அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தன நாளா இதத்தான் சொன்னீங்களா? நான் உங்களப் போயி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அவர் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அத்தான் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். வாயைக் குவிக்காமல், யோசிக்காமல் சொன்னார்: "தாப்பா லா."

பரவாயில்லை என்று மலாயில் சொல்வது. லாரிக்காரர்களுக்கு அது ஒரு நாளில் எத்தனை முறை வாயில் வருமோ. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "கேட்டியா?" என்றாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

தேதியையும் மணியையும் மாற்றினேன். முதல் பக்கமே திறந்துகொண்டது. டீச்சரிடம் கேட்டதில், மத்தியானம் கொஞ்ச நேரம் வருகிறேன் என்றார். நடந்ததை அக்கா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். டீச்சர் திரையில் சிரித்துவிட்டு, "அங்கிள் தப்பே சொல்லலையே ஆன்ட்டி. கடிகாரத்துக்குத்தான் நான் கிளாஸ் எடுக்கணும்" என்றார். அத்தான் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிப்பில் வாய் இன்னும் ஒரு பக்கம் இழுத்தது. அவர் அதைக் கையால் மறைக்கவில்லை.

சாயந்திரம் லேப்டாப்பை டவுனில் இருக்கும் ஒரு கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரச் சீனர் பின்பக்கத்தைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா அத்தானைத் திருத்துவதை நிறுத்திவிட்டாள். அவர் என்ன சொன்னாலும் முதலில் அவர் பார்க்கும் பக்கம் பார்ப்பாள், விரல் காட்டும் இடத்துக்குப் போய் நிற்பாள். பாதி நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. இருவரும் சேர்ந்து தேடுவார்கள்.

போன மாதம் போய்விட்டுத் திரும்பும்போது அத்தான் என் காருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு வழிவிடவில்லை. "தலகாணி, தலகாணி" என்றார். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அக்கா அவருக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டாள்.

"இறங்குடி" என்று கத்தினாள். "முன் டயர்ல காத்தே இல்ல."