மைக்கை விடாத சுகந்தி அக்கா

சென்ற வாரம் டூட்டிக்குக் கிளம்பும்போது மீனாவின் அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டாங்க." லீவில் நாகர்கோவிலுக்குப் போயிருந்த சுகந்தி அக்காவுக்குத் தூக்கத்திலேயே மாரடைப்பு.

குவைத்தின் அப்பாசியாவில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. வாரமெல்லாம் கிளினிக்கில் நர்ஸ், வெள்ளிக்கிழமைகளில் டிஜே. கேசட் காலத்தில் பிறந்தநாள் விழாக்களில் தொடங்கி லேப்டாப் வரை வந்தவர். "லேடி டிஜேயா?" என்று சங்கத்துக்காரர்கள் இழுத்தபோது, "ஆளுவ ஆடுதாவளான்னு மட்டும் பாருங்க" என்றார். மலையாளிகளும் தெலுங்குக்காரர்களும் கலந்த கூட்டத்தில், யார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துத்தான் அடுத்த பாட்டைப் போடுவார். அவருக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொடுத்தவன் நான்.

அந்தப் பொங்கல் விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிற்பகல். மேடையில் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழு வயது மீனாவும் அவர்களில் ஒருத்தி. திரைக்குப் பின்னால் புகை கிளம்பியது. திறந்திருந்தது ஒரே வாசல். நான் பாட்டை நிறுத்தப் போனேன்.

"தொடாத மக்கா. பாட்டு நின்னா எல்லாரும் ஒண்ணா ஓடுவாவ."

சத்தத்தைப் பாதியாகக் குறைத்து அக்கா மைக்கை எடுத்தார். "வெளிய பிள்ளையளுக்கு ஸ்வீட் குடுக்காங்க. மேடையில உள்ளவங்க மெதுவா இறங்குங்க. பெறவு முன் வரிசை. யாரும் ஓடண்டாம்."

குழந்தைகள் இறங்கினார்கள். மீனா மட்டும் அம்மாவையே பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் புகை கறுத்துக்கொண்டிருந்தது.

"மஞ்சப் பாவாடை பாப்பா, நீங்களும் போங்க" என்றார் அக்கா, யார் வீட்டுப் பிள்ளையையோ அழைப்பதுபோல.

மீனா இறங்கினாள். வரிசை வரிசையாக அரங்கம் காலியானது. கடைசி ஆட்களோடு நாங்கள் வாசலை அடைந்தபோது திரை பற்றி எரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

பேர் சொல்லி அழைக்கவில்லை என்று மீனா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. ஏன் என்று நானும் கேட்டேன். "அவ பேர விளிச்சிருந்தா, எல்லாத் தாய்மாரும் பிள்ளையத் தேடி மேடைக்கு ஓடியிருப்பாவ" என்றார்.

இப்போது மீனாவுக்கு இருபத்தோரு வயது. அன்று ஃபோனை வைக்குமுன் கேட்டாள்: "ஃபயர் அன்னைக்கு அம்மா கொஞ்சம்கூட பயப்படலயா, அங்கிள்?"

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மைக் அக்காவின் வலக்கையில் இருந்தது. இடக்கை, மேசைக்குக் கீழே, என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மீனா படியிறங்கும்வரை அது நடுங்கிக்கொண்டே இருந்தது. நகம் பதிந்த தடம் மறைய ஒரு வாரம் ஆனது.

அக்காவை நினைத்தால் எனக்குப் பாட்டு எதுவும் கேட்பதில்லை. அந்தக் கையின் பிடிதான் என்னிடம் இருக்கிறது.